யானைத்தந்தமும் பெர்மிட்டும்: காலனியக் கதைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு நகரில் கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் கொஞ்சக் காலமாகக் காலனி ஆட்சியைப் பற்றிய பழைய நாவல்களையும் அவற்றோடு ஒட்டிய படங்களையும் எடுத்துப் பேசிவருகிறோம். களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று பல பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். புதிதாக வருபவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அதனால் எழுதி வைத்துவிட்டேன். பதில்கள் என்னுடையவை. வட்டத்தில் எல்லாரும் இவற்றை ஒப்புக்கொள்வதில்லை.

காலனி ஆட்சியைப் பற்றி அறிய வெள்ளைக்காரர் எழுதியதையா படிக்க வேண்டும்?

அதை மட்டும் படித்தால் போதாது. ஆனால் நாங்கள் எடுத்த எழுத்தாளர்கள் வெறும் பயணிகள் அல்லர். ஜோசப் கொன்ராட் 1890இல் கொங்கோ ஆற்றில் பெல்ஜியக் கம்பனியின் நீராவிக் கப்பலில் வேலை செய்தவர். ஜோர்ஜ் ஓர்வெல் 1922 முதல் 1927 வரை பர்மாவில் பொலிஸ் அதிகாரி. லெனார்ட் வூல்ஃப் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபர். முல்தாதுலி என்ற பெயரில் எழுதிய எடுவார்ட் டௌவெஸ் டெக்கர், ஜாவாவில் ஒல்லாந்த அரசின் உத்தியோகத்தர். எல்லாரும் அந்த இயந்திரத்திடம் சம்பளம் வாங்கியவர்கள். கொள்ளைக்கூட்டத்தின் கணக்குப்பிள்ளை வாய் திறந்தால், அவன் நல்லவனா என்று பார்த்துக்கொண்டா கேட்போம்? எந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்று அவனுக்குத்தான் தெரியும்.

கொன்ராடின் கதை என்ன? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

‘ஹார்ட் ஒஃப் டார்க்னஸ்’ 1899இல் ஒரு சஞ்சிகையில் தொடராக வந்து 1902இல் புத்தகத்தில் சேர்ந்தது. தேம்ஸ் ஆற்றில் நங்கூரமிட்ட ஒரு படகில் உட்கார்ந்து மார்லோ என்ற மாலுமி தன் அனுபவத்தைச் சொல்கிறான். யானைத்தந்தம் வாங்கும் கம்பனி ஒன்று அவனை ஆபிரிக்க ஆறொன்றின் வழியே உள்ளே அனுப்புகிறது. மேலே, தொலைவிலுள்ள நிலையத்தில் கேர்ட்ஸ் என்ற முகவர் இருக்கிறான். மற்ற எல்லாரும் சேர்ந்து அனுப்பும் அளவு தந்தத்தை அவன் ஒருவனே அனுப்புகிறான். படித்தவன், பேச்சாளன், ஓவியம் வரைபவன். மார்லோ போய்ச் சேரும்போது கேர்ட்ஸின் வீட்டைச் சுற்றி மரக்கம்புகளில் மனிதத் தலைகள். நோயில் கிடக்கும் கேர்ட்ஸைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். வழியில் செத்துப்போகிறான்.

அவ்வளவுதான் கதை. நாவலில் கொங்கோ என்ற பெயரோ பிரசல்ஸ் என்ற பெயரோ ஓரிடத்திலும் வராது.

காடுதான் கேர்ட்ஸைக் கெடுத்தது என்று படித்தோம். நாகரிகத்தை விட்டு விலகிப்போனால் மனிதன் மிருகமாகிவிடுவான் என்பதுதானே கருத்து?

எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இந்த விளக்கம் எங்கும் பரவிக் கிடக்கிறது, வாசிக்கவும் சுகமாக இருக்கிறது. ஆனால் நாவலைப் பொறுமையாகப் படித்தால் நிற்காது.

மார்லோ கரையிறங்கியதும் முதலில் சந்திப்பது கேர்ட்ஸை அல்ல, கம்பனியின் தலைமைக் கணக்காளரை. கஞ்சி போட்டு மடிப்புக் கலையாத கொலர், வெள்ளைக் காற்சட்டை, பளபளக்கும் சப்பாத்து. அவருடைய பேரேடுகள் ஒரு பிழையில்லாமல் இருக்கின்றன. வெளியே, கொஞ்சத் தூரத்தில், வேலை வாங்கித் தேய்ந்துபோன மனிதர்கள் மர நிழலில் ஊர்ந்து ஊர்ந்து சாகிறார்கள். அவர் அறைக்குள்ளேயே ஒரு நோயாளியைக் கொண்டுவந்து கிடத்துகிறார்கள். அந்த மனிதனின் முனகல் கூட்டல் கழித்தலைக் குழப்புகிறது என்று கணக்காளர் குறைப்படுகிறார். அவ்வளவு சுத்தமான ஆள். காடு அவரை ஒன்றும் செய்யவில்லை. காட்டின் வாசலில் உட்கார்ந்து அவர் கணக்கெழுதிக்கொண்டிருக்கிறார்.

அப்புறம் மனேஜரைப் பாருங்கள். கேர்ட்ஸ் செய்ததைக் கண்டதும் அவருக்கு என்ன கவலை? தலைகளைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கேர்ட்ஸின் முறை சரியில்லை, அந்த மாவட்டத்தில் இனிக் கொஞ்சக் காலத்துக்கு வியாபாரம் நடக்காது, அதுதான் கவலை. கொலை ஒரு வியாபாரத் தவறாகப் பதியப்படுகிறது.

கேர்ட்ஸ், ‘காட்டுமிராண்டி வழக்கங்களை ஒழிக்கும்’ சர்வதேசச் சங்கம் ஒன்றுக்காக அழகான அறிக்கை எழுதியவன். பக்கம் பக்கமாக உயர்ந்த எண்ணங்கள். கடைசிப் பக்கத்தின் அடியில், பின்னாளில் நடுங்கும் கையால் எழுதிய ஒரே வரியில், அந்த மக்களையெல்லாம் அழித்துவிடும்படி சொல்கிறான். மார்லோ என்ன செய்கிறான்? அந்த வரியைக் கிழித்து எடுத்துவிட்டு மிச்சத்தை வெளியிடக் கொடுக்கிறான். கதையின் மிகக் கெட்ட செயல்களில் ஒன்று நம் நல்ல கதைசொல்லி ஐரோப்பாவில் உட்கார்ந்து செய்தது. அங்கே காடு எங்கே இருக்கிறது?

என் வாதம் இதுதான்: கேர்ட்ஸ் கம்பனியிலிருந்து விலகிப்போனவன் அல்லன், கம்பனி கேட்டதை எல்லாரையும்விட நன்றாகச் செய்தவன். தந்தம் எப்படி வருகிறது என்று கேட்காத ஒரு கந்தோர் இருந்ததால் அவனால் அப்படி ஆக முடிந்தது.

இப்படியெல்லாம் உண்மையில் நடந்ததா, கற்பனையா?

கொன்ராட் குறைத்துச் சொல்லியிருக்கிறார் என்றுதான் தோன்றும். 1885 முதல் 1908 வரை கொங்கோ பெல்ஜியம் என்ற நாட்டுக்குக்கூடச் சொந்தமில்லை. இரண்டாம் லியோபோல்ட் மன்னரின் தனிச் சொத்துப்போல இருந்தது. கொன்ராட் போன காலத்தில் தந்தம். அதன் பிறகு ரப்பர். ஊருக்கு இவ்வளவு என்று அளவு போட்டு, கொடுக்காத ஊரைக் கொளுத்தினார்கள். சிப்பாய்கள் தோட்டாவை வேட்டையில் வீணாக்காமல் ஆளைச் சுடத்தான் பயன்படுத்தினார்கள் என்பதற்குச் சாட்சியாக, வெட்டிய வலக்கையைக் கொண்டுவந்து காட்ட வேண்டியிருந்தது. தோட்டாவுக்குக் கணக்கு, கையால் கணக்குத் தீர்ப்பு. பிரித்தானியக் கொன்சல் ரோஜர் கேஸ்மென்ட்டின் அறிக்கை 1904இல் வந்தது. இவரைக் கொன்ராட் 1890இலேயே கொங்கோவில் சந்தித்திருக்கிறார். அலிஸ் சீலி ஹாரிஸ் என்ற மிஷனரிப் பெண் எடுத்த புகைப்படங்களும் ஊரெங்கும் காட்டப்பட்டன. கடைசியில் 1908இல் பெல்ஜிய அரசு அந்த நிலத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது.

கொன்ராட் இனவாதி என்று அச்சேபே சொன்னாராமே? பிறகு ஏன் படிக்கிறீர்கள்?

சொன்னார். நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சேபே 1975இல் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் நேரடியாகச் சொன்னார். ஒரு ஐரோப்பியனின் மனம் சிதைவதைக் காட்டுவதற்கு ஆபிரிக்காவை வெறும் பின்திரையாக்கி, அங்குள்ள மனிதரைக் கைகால்களும் கூச்சலுமாகச் சுருக்கிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. நாவலில் ஆபிரிக்கர் பேசும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் கம்பனியைப் பற்றி அவர் சொன்னது பொய்யாகிவிடாது. ஆனால் அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்கக் கூடாது.

கொன்ராடைப் படித்த கையோடு அச்சேபேயின் 1958ஆம் ஆண்டு நாவலைப் படியுங்கள். என்.கே. மகாலிங்கம் ‘சிதைவுகள்’ என்ற பெயரில் தமிழில் தந்திருக்கிறார். அதில் ஒரு சின்ன விஷயம். மாவட்ட ஆணையாளர் ஊருக்கு 200 மூட்டை சோழி தண்டம் போடுகிறார். நீதிமன்றச் சேவகர்கள் ஊரில் போய் 250 என்று அறிவிக்கிறார்கள். இடையில் போன 50 மூட்டையை விளக்க எங்கள் ஆட்களுக்கு யாரும் தேவைப்படவில்லை, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நாவலின் கடைசியில் அந்த ஆணையாளர் தான் எழுதப்போகும் புத்தகத்தைப் பற்றி யோசிக்கிறார். நாம் இவ்வளவு நேரம் வாழ்ந்து பார்த்த நாயகனுக்கு அதில் ஒரு பந்தி ஒதுக்கலாம் என்று முடிவுசெய்கிறார். கேர்ட்ஸின் அறிக்கையும் இந்தப் புத்தகமும் ஒரே அலுமாரியில் இருக்க வேண்டியவை.

‘அப்போகலிப்ஸ் நவ்’ படம் கொன்ராட் கதையா, வியட்நாம் கதையா?

பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலா 1979இல் எடுத்த படம். ஆறும் கேர்ட்ஸும் கொன்ராடுடையவை. யுத்தம் அமெரிக்காவுடையது. நிர்வாகத்தின் கணக்கு இங்கேயும் உண்டு: நிலைதவறிய ஒரு கேர்ணலை முடித்துவிடு என்று மேசையில் சாப்பிட்டுக்கொண்டே கட்டளை கொடுக்கிறார்கள், அப்படியொரு கட்டளை கொடுக்கப்படவே இல்லை என்றும் சொல்லிவிடுகிறார்கள்.

ஹெலிகொப்டர் தாக்குதல் காட்சியை எல்லாரும் புகழ்வார்கள். எனக்கு முக்கியம் சம்பான் படகைச் சோதிக்கும் காட்சி. காய்கறி ஏற்றிய ஒரு குடும்பத்தின் படகு. கூடைக்குள் என்ன என்று பார்க்கப்போக ஒரு பெண் பதறி ஓடுகிறாள், உடனே சுட்டுத்தள்ளுகிறார்கள். கூடையில் இருந்தது நாய்க்குட்டி. காயப்பட்ட பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஒருவன் சொல்ல, நாயகன் அவளைச் சுட்டுவிட்டுப் பயணத்தைத் தொடரச் சொல்கிறான். சோதனைச் சாவடிகளில் வரிசையில் நின்று வளர்ந்த தலைமுறைக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை.

ஒரு உபகதையும் உண்டு. படம் பிலிப்பைன்ஸில் எடுக்கப்பட்டது. ஹெலிகொப்டர்களைக் கொடுத்தது சர்வாதிகாரி மார்க்கோஸின் அரசு. படப்பிடிப்பின் நடுவில் கிளர்ச்சிக்காரரைத் தாக்க அவற்றைத் திருப்பி அழைத்துக்கொள்வார்களாம். அதே பிலிப்பைன்ஸை அமெரிக்கா கையில் எடுத்தபோது, வெள்ளையரின் கடமை இது என்று ஆங்கிலக் கவிஞர் கிப்ளிங் கவிதை எழுதி ஊக்கப்படுத்தினார். அந்தக் கவிதை வெளிவந்ததும் கொன்ராடின் தொடர் தொடங்கியதும் ஒரே மாதம், 1899 பெப்ரவரி.

கோட்டையைப் பார்த்தபடி ஒல்லாந்தர் காலத்தைப் பற்றிப் பேசாமல் கொங்கோவைப் பேசுகிறீர்களே?

நியாயமான கேள்வி. மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டையை ஒல்லாந்தர் 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். பின்னாளில் கச்சேரியும், அதாவது மாவட்ட நிர்வாகக் கந்தோரும், நீண்டகாலம் அதற்குள்ளேயே இயங்கியது. அந்த ஒல்லாந்தர் ஆட்சியின் மனதை உள்ளிருந்து காட்டும் நாவல் வேண்டுமென்றால் ஜாவாவுக்குப் போக வேண்டும்: முல்தாதுலியின் ‘மக்ஸ் ஹவெலார்’, 1860.

டெக்கர் 1856இல் லெபாக் என்ற இடத்தில் உதவி ரெசிடென்டாக, அதாவது மாவட்ட நிர்வாகியாக, பொறுப்பேற்றார். உள்ளூர்த் தலைவர் விவசாயிகளிடம் எருமைகளையும் இலவச உழைப்பையும் பறிக்கிறார் என்று மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் அவரைத்தான் இடம்மாற்றப் பார்த்தது. வேலையை விட்டார், நாவல் எழுதினார். அதில் சாயிஜா என்ற பையனின் கதை வருகிறது. அவன் தகப்பனின் எருமையைப் பிரதேசத் தலைவர் எடுத்துக்கொள்கிறார். தகப்பன் பரம்பரைக் குத்துவாளை விற்று இன்னொன்று வாங்குகிறார். அதுவும் போகிறது. பிறகு வாங்கிய ஒன்று பையனைப் புலியிடமிருந்து காப்பாற்றுகிறது. அதையும் கொண்டுபோய் அறுத்துவிடுகிறார்கள். உழவு மாடில்லாமல் வயல் இல்லை, வயல் இல்லாமல் வரி இல்லை, குடும்பம் சிதறுகிறது. சம்மாந்துறையிலிருந்து வரும் வயதான விவசாயி ஒருவர் இந்தப் பகுதியை வாசித்தபோது பாதியில் நிறுத்தி, எருமை எத்தனை வயது என்று கேட்டார்.

நான் ரசித்தது வேறொன்று. இந்தக் கதையை நமக்குத் தருபவர் அம்ஸ்டர்டாமின் கோப்பித் தரகர் ஒருவர். தன் நேர்மையைப் பற்றி ஓயாமல் பேசுவார், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போவார். எருமை போனதற்கும் தன் கோப்பிக்கும் தொடர்பு இருப்பது அவர் மூளைக்கு எட்டவே எட்டாது. 1976இல் ஃபோன்ஸ் ராடமாக்கர்ஸ் இதைப் படமாக்கினார். இந்தோனேசியாவில் பல ஆண்டுகள் திரையிட விடவில்லை.

இலங்கையைப் பற்றி இப்படி ஏதும் உண்டா?

உண்டு, அதுவும் எங்களுக்குப் பக்கத்தில். பொத்துவில், பாணமை தாண்டி குமண, யால காட்டைக் கடந்தால் வூல்ஃபின் அம்பாந்தோட்டை. கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போனவர்களுக்கு அந்தப் புழுதியும் வற்றிய குளமும் தெரியும். நாவலிலும் கதிர்காமத்தை நினைவூட்டும் யாத்திரை ஒன்று வருகிறது. ‘தி வில்லேஜ் இன் த ஜங்கிள்’ 1913இல் வந்தது. வூல்ஃப் அதற்கு முந்திய வருடம் அரசு வேலையை விட்டிருந்தார்.

கதையில் வெள்ளைக்காரக் கொடுங்கோலன் யாருமில்லை. சிலிந்து என்ற வேட்டைக்காரன், அவனுடைய இரட்டைப் பெண்பிள்ளைகள், ஒரு கிராமத் தலைவன், வட்டிக்காரன் ஒருவன். காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் சேனைக்கு பெர்மிட் வேண்டும், துவக்கு வைத்திருக்க லைசன்ஸ் வேண்டும். இரண்டையும் எழுதிக் கொடுப்பதோ கொடுக்காமல் விடுவதோ கிராமத் தலைவன் கையில். கொடுக்காவிட்டால் சேனை இல்லை, சேனை இல்லாவிட்டால் கடன், கடன் என்றால் வட்டிக்காரன். வட்டிக்காரனின் கண் சிலிந்துவின் மகள் மேல் விழுகிறது. அவள் புருஷன் மீது பொய்யாகத் திருட்டு வழக்கு. நீதிமன்றத்தில் வெள்ளைக்கார நீதவான் கவனமாகக் கேட்டு, சாட்சிகளை எழுதி, முறைப்படி சிறைக்கு அனுப்புகிறார். நிரபராதி சிறையிலேயே சாகிறான். சிலிந்து துவக்கை எடுத்துத் தலைவனையும் வட்டிக்காரனையும் சுடுகிறான்.

யாரும் லஞ்சம் வாங்காத, எல்லாத் தாளும் சரியாக இருக்கிற ஒரு நீதிமன்றம் எப்படி ஒரு குடும்பத்தை அழிக்கிறது என்பதை இவ்வளவு சுத்தமாகக் காட்டிய வேறு நாவலை நான் படித்ததில்லை. அப்படியான மேசையில் உட்கார்ந்து தீர்ப்பெழுதியவர் எழுதியது. கொன்ராடைவிட வூல்ஃபை ஒரு படி மேலே வைப்பேன். இதற்கு வட்டத்தில் பலத்த எதிர்ப்பு இருக்கிறது.

லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1980இல் ‘பெத்தேகம’ என்று படமாக்கினார். ஜோ அபேவிக்ரம சிலிந்து, மாலினி பொன்சேகா மகள். நீதிபதியாக வருபவர் விஞ்ஞானக் கதை எழுதிய ஆர்தர் சி. கிளார்க்! அவரைக் கண்டதும் சிரிப்பு வரும். கொஞ்ச நேரம்தான்.

ஓர்வெல் யானையைச் சுட்டது இதில் எப்படி வருகிறது?

1936இல் வந்த சிறு கட்டுரை. பர்மாவின் மோல்மீன் நகரில் மதம் பிடித்த யானை ஒன்று ஒருவரைக் கொன்றுவிட்டது. பொலிஸ்காரரான ஓர்வெல் துவக்கோடு போகும்போது அது அமைதியாகிப் புல் மேய்கிறது. சுடத் தேவையில்லை. ஆனால் பின்னால் 2,000 பேர் நிற்கிறார்கள். சுடாமல் திரும்பினால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து சுடுகிறார்.

அம்பாறைப் பக்கத்து வயல்காரர்களோடு இதைப் பேசுவது தனி அனுபவம். யானை வந்தால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குப் பாடம் எடுக்க முடியாது. அவர்கள் கவனித்தது செத்த மனிதனை. அவன் கூலிக்கு வந்த திராவிடன் என்று ஓர்வெல் எழுதுகிறார். பெயர் இல்லை. பிறகு இளம் வெள்ளையர்கள், ஒரு கூலி செத்ததற்காகப் பெறுமதியான யானையைச் சுட்டது அநியாயம் என்கிறார்கள். அந்தச் சாவு தன்னைச் சட்டப்படி சரியாக்கியதால் தனக்கு மகிழ்ச்சிதான் என்று ஓர்வெல்லும் ஒப்புக்கொள்கிறார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே கட்டுரையைப் படிக்கலாம்.

‘குவாய் நதிப் பாலம்’ இலங்கையில்தானே எடுத்தார்கள்?

ஆம், கித்துல்கலயில், களனி ஆற்றின் மேல். 1957 படம், ஏழு ஒஸ்கார். போர்க்கைதியாக இருந்துகொண்டே எதிரியான ஜப்பானியருக்கு நல்ல பாலம் கட்டிக் கொடுப்பதில் பெருமைப்படும் ஆங்கிலேயக் கேர்ணலைப் பார்த்தால், வேலை ஒழுங்காக நடந்தால் போதும், யாருக்காக நடக்கிறது என்பது வேண்டாம் என்ற அதே நோய். ஆனால் உண்மையான சயாம்–பர்மா ரயில்பாதையில் போர்க்கைதிகளைவிட ஆசியத் தொழிலாளர்கள்தான் மிக அதிகமாகச் செத்தார்கள். அவர்களில் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் ஏராளம். படத்தில் அவர்களுக்கு இடமில்லை. சீட்டியடிக்கும் மெட்டு மட்டும் எல்லாருக்கும் ஞாபகம்.

இந்தக் கதைகளில் கெட்டவர்கள் எல்லாம் உள்ளூர்க்காரர்களாகவே இருக்கிறார்களே. வெள்ளைக்காரன் தப்பித்துக்கொள்கிறானா?

நல்ல கேள்வி, எனக்கும் உறுத்துவது. ஜாவாவில் பிரதேசத் தலைவர், வூல்ஃபிடம் கிராமத் தலைவன், ஓர்வெல்லின் ‘பர்மீஸ் டேய்ஸ்’ நாவலில் ஊ போ சின் என்ற ஊழல் நீதவான். அதே நாவலில் நம்மவர் பெயர் கொண்ட டொக்டர் வீராசாமி வேறு, பிரித்தானியரைப் பிரித்தானியரைவிட அதிகமாகப் புகழ்ந்துகொண்டு. ஓர்வெல் அவரைப் பேசவைக்கும் விதத்தில் எனக்கு எரிச்சல்தான்.

உள்ளூர் அதிகாரிகள் கெட்டவர்களாக இருந்தது பொய் அல்ல. உடையார், விதானை என்று எங்கள் பக்கத்துப் பழைய கதைகளைக் கிளறினாலே போதும். ஆனால் அவர்கள் கையில் முத்திரை கொடுத்தது யார், வரி வந்து சேர்ந்தவரை கண்டுகொள்ளாமல் இருந்தது யார் என்று நாவல் கேட்கிறதா என்று பாருங்கள். முல்தாதுலி கத்திக் கேட்கிறார். வூல்ஃப் மெதுவாகக் கேட்கிறார். ஓர்வெல் பாதியில் விட்டுவிடுகிறார்.

பெண்கள் எங்கே?

பெரும்பாலும் வெளியே. கேர்ட்ஸின் நிச்சயிக்கப்பட்ட பெண்ணிடம், அவன் கடைசியாக உன் பெயரைத்தான் சொன்னான் என்று மார்லோ பொய் சொல்லி முடிக்கிறான். பெண்களை உண்மையிலிருந்து காப்பாற்றுவதாக அவன் நினைப்பு. வூல்ஃபின் இரண்டு சகோதரிகள்தான் இந்த வரிசையில் முழு மனிதர்கள்.

பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

கொப்போலா படம் வேண்டாம். மாடு வெட்டும் காட்சி நிஜமானது, பெரியவர்களே எழுந்து போயிருக்கிறார்கள். ‘பெத்தேகம’ உயர்தர வகுப்புப் பிள்ளைகள் பார்க்கலாம்.

எதிலிருந்து தொடங்குவது?

ஓர்வெல்லின் யானைக் கட்டுரை, ஒரே இருப்பில் முடியும். பிறகு வூல்ஃப். கொன்ராட் சின்னப் புத்தகம்தான், ஆனால் வாக்கியங்கள் நீளம், சத்தமாக வாசித்தால் பிடிபடும். அச்சேபேயை அதற்கு அடுத்து, இடைவெளி விடாமல். ‘மக்ஸ் ஹவெலார்’ கடைசியில் போதும். முதல் அத்தியாயங்களில் அந்தக் கோப்பித் தரகர் தன்னைப் பற்றியே அலட்டுவார், பொறுத்துக்கொள்ளுங்கள். எருமைக் கதை பிற்பகுதியில்தான் வரும்.